துறைமுக ஓவியமும் தாடிக்காரரும்

கொலோனில் இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தில் அன்றுதான் முதன்முறையாகத் தமிழில் விளக்கம். ஆட்களும் கப்பல்களும் நெருக்கியடிக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்பானியத் துறைமுக ஓவியத்தின் முன்னால் இராஜேஸ்வரி நின்றார். வழிகாட்டியாக அவருக்கும் அதுதான் முதல் நாள்.

"இதிலை எத்தனை கப்பல் அக்கா?" பின்னால் நின்ற தாடிக்காரர் கேட்டார்.

"பதினொண்டு."

"அந்த மூட்டையளுக்குள்ளை என்ன?"

"கம்பளி."

"அந்தக் கோபுரம் என்னத்துக்கு?"

"கப்பலுக்கு விளக்குக் காட்ட."

கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிவானுஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் நாளே ஒருவரை இப்படியா துளைத்தெடுப்பது?

தாடிக்காரர் விடவில்லை. "கரையிலை கை காட்டுற பெண் வழியனுப்புறாவோ, வரவேற்கிறாவோ?"

இராஜேஸ்வரி திகைத்துப்போய் ஓவியத்தையே பார்த்தார்.

"அண்ணை, அவவைக் கொஞ்சம் நிம்மதியாக் கதைக்க விடுங்கோ!" என்று சீறினாள் சிவானுஜா.

அதற்குள் இராஜேஸ்வரியின் முகம் மலர்ந்துவிட்டது. "வரவேற்கிறா! கப்பலிலை பாயை இறக்கிக்கொண்டிருக்கினம், பாருங்கோ."

எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் சிவானுஜா இராஜேஸ்வரியிடம் போனாள். "அந்த ஆள் உங்களைப் பாடாய்ப் படுத்திப்போட்டார் அக்கா."

இராஜேஸ்வரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவர் என்ரை மனுசன், தங்கச்சி! ஒருத்தரும் ஒண்டும் கேக்காட்டி என்ன செய்யிறதெண்டு பயந்து, நான்தான் மூண்டு கேள்வி எழுதிக் குடுத்தனான். படமெண்டால் எட்டியும் பாக்காதவர், நாலாவதைத் தானாக் கேட்டுப்போட்டார்!"

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனால் அந்த 'அக்கா'வை நான் எழுதிக் குடுக்கேல்லை. அதுக்கு வீட்டிலை இருக்கு அவருக்கு!"