மாமனாரின் பெயர்

வனுவாட்டு நாட்டின் வடகோடியில் இருக்கும் எங்கள் தீவில், மாமனாரின் பெயரை மருமகன் வாயால் சொல்லக் கூடாது. நாற்பது ஆண்டுகளாக நான் சொன்னதில்லை. என் முகத்தையும் குரலையும் வாங்கிப்போய் ஒரு நிறுவனம் செய்த திரை வழிகாட்டி, பயணி ஒருவர் கேட்டதும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டது.

என் மனைவியின் தம்பி சைலஸ் வாசலிலேயே கத்தினான். “எங்கப்பா பேரு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா அத்தான்?”

“நான் சொல்லலடா. அந்தப் பொம்மை சொல்லிச்சு.”

“குரல் யாருது?”

அந்தப் பெயரை உடனே எடுக்கும்படி நிறுவனத்திடம் சத்தம் போட்டேன். எடுத்துவிட்டார்கள். மறுநாள் இன்னொரு பயணி, கிழக்குக் கரைப் பவளப்பாறை யாருடையது என்று கேட்டார். என் முகம் அதே சிரிப்போடு, “யாருக்கும் சொந்தமில்லை. தாராளமா மீன் பிடிங்க” என்றது.

அது மாமனாரின் பேரில் இருக்கும் சைலஸ் குடும்பத்தின் பாறை; பெயரை எடுத்ததில் உரிமையும் போயிருந்தது. மூன்று படகுகள் அங்கே வலை வீசின. திருத்தம் என் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்றது நிறுவனம்.

“சொல்லித் தொலைங்க அத்தான்” என்று சைலஸ் காதுகளைப் பொத்திக்கொண்டான்.

திரைக்கு முன்னால் நின்று, பாறை இன்னாருடையது என்று மாமனாரின் பெயரை உரக்கச் சொன்னேன். வழிகாட்டியும் அப்படியே சொல்லத் தொடங்கியதும் படகுகள் திரும்பிப் போயின.

இப்போது சைலஸ் என்னை அத்தான் என்பதில்லை; பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.