பௌர்ணமிப் பொட்டலம்

சைவக் கடை வாசலில் லியெம் லாரியை நிறுத்தியபோதே அவன் மனைவி துயெத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

மீன் இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. குயி ஞோனிலிருந்து ஹுவேவுக்கு ஐஸ் மீன் ஏற்றுகிற ஆள். சாப்பாட்டிலும் அதே மீன்தான்.

"பௌர்ணமி இல்லையா? அதான்," என்றான். "இங்க நல்லா இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. இந்தத் தடத்தில் அவன் லாரி ஓட்டி வருவது பதினொரு வருடமாக. அவள் கூட வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால்.

பௌர்ணமிக் கூட்டம். உட்கார இடமில்லாமல் ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

லியெம் நிற்கவில்லை. நேராக உள்ளே போய், தூணுக்குப் பின்னால் இருந்த கடைசி மேசையில் உட்கார்ந்தான். அது மட்டும் காலியாக இருந்தது.

பிறகு எழுந்து, நீலத் திரையை விலக்கிக்கொண்டு கை கழுவப் போனான். குழாய் எங்கே என்று யாரையும் கேட்கவில்லை.

துயெத் கடையில் இருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். அடுப்படியில் இருந்தவளுக்குப் பல்லே இல்லை. தட்டு எடுக்கிறவள் பள்ளிக்கூடத்துப் பெண். கடைக்காரி சாம், சாம்பல் நிற உடுப்பு, அறுபதுக்குக் குறையாது.

இவர்களில் யாரும் இல்லை. அப்படியென்றால் இங்கே வந்து சந்திக்கிறவள் யாரோ.

மாதத்தில் ஒரு நாள் அவன் வீடு திரும்ப நேரமாகும். போன் போட்டால் டயர் பஞ்சர் என்பான். எப்போதும் டயர்தான். அந்த நாள் எப்போதும் பௌர்ணமியாக இருந்ததா என்று அவள் இப்போது யோசித்துப் பார்த்தாள்.

சாம் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். வாழைப்பூப் பொரியல், பலாக்காய், காளான் குழம்பு. இவர்கள் எதுவும் கேட்கவே இல்லை.

லியெமின் கிண்ணத்தில் மட்டும் கொத்தமல்லி போடவில்லை. அவனுக்குக் கொத்தமல்லி ஆகாது.

துயெத் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். சோயாவை மீன் மாதிரியே செய்து, செதிள்கூட வரைந்து வைத்திருந்தார்கள். இந்தக் கடையில் எதைத்தான் நம்புவது என்று தோன்றியது.

அவன் அவசரமாகச் சாப்பிட்டு முடித்தான்.

"நீ மெதுவா சாப்பிடு. டயர்ல காத்து இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"நானும் வரேன்."

"வெயில்ல எதுக்கு? இரு."

அவன் எழுவதற்குள் சாம் வந்துவிட்டாள். வாழை இலையில் சுற்றி நூல் கட்டிய சின்னப் பொட்டலம் ஒன்று அவள் கையில் இருந்தது.

"தம்பி, மறந்துட்டுப் போறியே. குழந்தைக்குப் பச்சைப் பயறு இனிப்பு."

லியெம் வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சாம் துயெத்தைப் பார்த்தாள். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

துயெத் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். ஒருத்தி இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தாள். குழந்தை வரைக்கும் அவள் யோசனை போகவில்லை.

தண்ணீரைக் குடித்தாள். கத்தக் கூடாது என்று நினைத்தாள். கத்தவில்லை.

"என்ன வயசு?"

லியெம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்திருந்தா ஒன்பது."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். துயெத்துக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஏழாவது மாதத்தில், கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. எல்லாம் ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும் என்று அம்மா சொன்னாள். அதைப் பற்றி இனிப் பேசாதே என்றும் சொன்னாள். துயெத் பேசவில்லை. அவனும் பேசவில்லை. அவனுக்கு வலிக்கவே இல்லை போலும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"அங்க விட்டுட்டு வர மனசு வரல," என்றான். "ஒரு துணியில சுத்திக் குடுத்தாங்க. ஹுவேக்கு லோடு இருந்துச்சு. பக்கத்து சீட்டுலயே வச்சுக் கொண்டுவந்தேன். இங்க மேல இருக்கிற கோயில்ல, பிக்குணியம்மா மறுப்பே சொல்லாம புதைக்க இடம் குடுத்தாங்க."

சாம் தூரத்தில் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துயெத் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. அவன் முன்னால் நடந்தான்.

கடைக்குப் பின்னாலிருந்தே படிகள் மேலே போயின. வெயிலில் கல் கொதித்தது. பாதிப் படியில் அவன் மூச்சு வாங்க நின்றான்.

"புதைச்ச இடத்துல வச்ச பலகையில உன் பேரும் என் பேரும்தான் இருக்கு. பையனா பொண்ணான்னு பிக்குணியம்மா கேட்டாங்க. துணியைப் பிரிச்சுப் பாக்கத் தைரியம் வரல. வீட்டுக்கு வந்து உன்கிட்ட எப்படிக் கேக்கறது? உனக்கும்தான் தெரியாதே."

துயெத் நின்றாள்.

அன்று காலையில், அம்மா வெளியே போயிருந்த நேரம், ஒரு நர்ஸ் கட்டிலருகே குனிந்து ஒரே வார்த்தை சொன்னாள். அதை அவள் ஒன்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமும்.

"பொண்ணு," என்றாள்.