விருப்பப் படிவம்

"இந்தக் குடும்பத்தின் எதிர்காலத்தையும், ஓரளவுக்கு மருத்துவ உலகத்தின் எதிர்காலத்தையும் நிர்ணயிக்கக்கூடிய ஒரு மாபெரும் முடிவை எடுப்பதற்காக நாம இங்க கூடியிருக்கோம்," என்றார் அப்பா.

கூடியிருந்தவர்கள் மூன்று பேர். அப்பா நாற்காலியில். மகள் தரையில், மடியில் ஒரு படிவத்துடன். அம்மா மேசையருகே நின்று மகளின் புது யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். கண்காணிப்பு இன்னும் பணியில் இருந்தது.

படிவம் அரைப் பக்கம். நர்ஸிங் முடித்துத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேரப்போகும் புதியவர்கள், குழந்தைகள் வார்டா பெரியவர்கள் வார்டா என்று ஒன்றில் டிக் அடித்து நாளைக் காலை மேட்ரனிடம் கொடுக்க வேண்டும். அடித்தால் அடித்ததுதான். இரண்டு வருஷத்துக்கு அசைக்க முடியாது.

"குழந்தைங்க வார்டுப்பா," என்றாள் மகள். "காலேஜ்ல சேர்ந்த அன்னிக்கே முடிவு பண்ணது. இதுக்கு எதுக்கு மீட்டிங்?"

"அவசரப்படாதே. சாதக பாதகங்களை அலசணும்." அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அங்க போய் நீ என்னத்தைக் கத்துப்ப? சளி, இருமல், மூக்குல போட்டுக்கிட்ட பட்டாணி. பெரியவங்க வார்டுன்னா இதயம், கிட்னி, சர்க்கரை, பிரஷர்னு ஒரே கட்டில்ல நாலு பாடம் படுத்திருக்கும். ரெண்டு வருஷம் அங்க இருந்துட்டா எந்த ஆஸ்பத்திரியும் உன்னைக் கூப்பிட்டு வேலை கொடுக்கும்."

"பட்டாணின்னு லேசா சொல்லாதீங்க. அங்க ஒவ்வொரு மருந்தையும் குழந்தையோட எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கணும். நான் போட்ட கணக்கை இன்னொரு நர்ஸ் தனியா போட்டுப் பார்ப்பாங்க. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் ஊசியையே தொடலாம். எட்டு மாசக் குழந்தைக்கு நரம்பு நூல் மாதிரி இருக்கும்ப்பா. எங்க பேட்ச்ல அதை முதல் தடவையே கண்டுபிடிச்சது நான் ஒருத்திதான்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே குத்துலயா?"

"ஒரே குத்து. குழந்தை அழவே இல்லை. பக்கத்துல நின்ன அவங்கப்பாதான் அழுதாரு."

"அதைத்தான் நானும் சொல்றேன். இவ்வளவு திறமையைக் கொண்டுபோய்க் கைக்குழந்தைங்ககிட்ட கொட்டலாமா? நாளைக்கு உன்னை ஒண்ணாவது ஞாபகம் வெச்சிக்குமா?"

"வெச்சிக்க வேணாம். குழந்தைங்க பொய் சொல்லாது. வலிச்சா அழும், வலி போச்சுன்னா சிரிக்கும். உங்க பெரியவங்க நெஞ்சுவலிய வாயுன்னு சொல்வாங்க. மாத்திரையத் தலகாணிக்கு அடியில ஒளிப்பாங்க. என்னவோ ஆஸ்பத்திரியே அவங்க சீதனம் மாதிரி அதிகாரம் பண்ணுவாங்க."

"அதிகாரம் பண்றவனுக்குத்தான், கண்ணு, உள்ளுக்குள்ள உதறல்." அப்பாவின் குரல் திடீரென்று மேடையை விட்டு இறங்கியது. "குழந்தைன்னா அம்மா மடியில வெச்சிப்பா. பெரிய மனுஷனை யாரு மடியில வெச்சிப்பா? வாய்விட்டு அழ முடியுமா அவனால? நம்ம முகமா ஒண்ணு பக்கத்துல இருந்தா..."

அம்மா ஒரே காலரை மூன்றாவது முறையாகத் தேய்த்தாள்.

மகள் அப்பாவையே பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது இதுதான் முதல் தடவை. 'குழந்தைகள்' கட்டத்தின் மேல் இருந்த பேனா மெல்ல நகர்ந்து 'பெரியவர்கள்' பக்கம் போனது. முகம் மட்டும் அதோடு போகவில்லை.

"சரிப்பா. நீங்க இவ்வளவு சொல்றீங்க. ரெண்டு வருஷம்தானே, ஓடிடும்."

"என் தங்கம்," என்றார் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு சின்ன விளக்கம். சும்மா பொதுவா கேக்கறேன். சித்தப்பா, பெரியப்பான்னு யாராவது அங்க வந்து படுத்தா, அவங்களுக்கு நீயேதானே ஊசி போடுவ?"

"ஐயோ, அது முடியாது. சொந்தக்காரங்க வந்தா மேட்ரன்கிட்ட எழுதிக் கொடுத்துடணும். அவங்க வீட்டுக்குப் போற வரைக்கும் நம்மளை வேற பக்கம் மாத்திடுவாங்க. கை நடுங்கும்னு அப்படி ஒரு ரூல்."

"சித்தப்பாவுக்குக்கூடவா?"

"பெத்த அப்பாவா இருந்தாலும் அதே ரூல்தான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு மகளின் கையிலிருந்து பேனாவையும் படிவத்தையும் வாங்கி, 'குழந்தைகள்' கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் அடித்தார்.

"குழந்தைகளைக் கவனிக்காத சமுதாயம் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. கூட்டம் முடிந்தது," என்று சொல்லிவிட்டு எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

மகள் படிவத்தையும் அவர் போன திசையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு இவருக்கு? ஒரு மணி நேரமா பெரியவங்க வார்டு, பெரியவங்க வார்டுன்னு என் உயிரை எடுத்துட்டு..."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வர்ற வியாழக்கிழமை உங்க ஆஸ்பத்திரியில உங்கப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன்," என்றாள்.