இனாமாய் ஒரு ஃபேன்

"இன்னிக்கே ஓடணும்ணே. இது இல்லாம இன்னொரு ராத்திரி என்னால முடியாது."

ரிப்பேர் கடை மேசைமேல் அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை வைத்தான் இளைஞன். கண் இரண்டும் கோவைப்பழம். சட்டைத் தோளில் காய்ந்துபோன வெள்ளைக் கறை. குளிக்கக்கூட எழுந்திருக்காமல் ஆடுகிற கேஸ் என்று மெக்கானிக் முடிவு கட்டினார்.

"தம்பி, உன் பாக்கெட்டுல இருக்கிற போன் சிப்பு இதைவிட வேகம். இதைத் தூக்கிப் போட்டுட்டு அதுலயே ஆடேன்."

"போன்ல முயற்சி பண்ணியாச்சு. சரிப்படலை."

"அதுவும் சரிதான். போன்ல ஃபேன் கிடையாது. சூடு ஏறினா தானா வேகத்தைக் குறைச்சுக்கும். இந்தக் கிழம் அப்படியில்ல. ஃபேனை அலறவிட்டுக்கிட்டுக் கடைசிவரை ஒரே வேகத்துல ஓடும்."

"அந்த ஓட்டம்தாண்ணே வேணும்!" மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். "எப்படியாவது உயிர் குடுத்துடுங்க."

பவர் சப்ளை கருகியிருந்தது. மெக்கானிக் அதை மாற்றி முடிக்கும்வரை அவன் வாசற்படியை விட்டு நகரவில்லை. நடுவில் போன் வந்தது.

"இதோ கொண்டாந்துடறேன் அத்தை. அதுவரைக்கும் சமாளிங்க."

மாமியாரிடமே கெஞ்சுகிற அளவுக்கா முற்றிவிட்டது? மெக்கானிக்குக்கே மனசு இளகிவிட்டது. கேட்காத வேலை ஒன்றையும் சேர்த்தே செய்தார்.

சுவிட்சைப் போட்டதும் திரையில் படம் வந்தது. அவன் திரைப்பக்கமே திரும்பவில்லை. குனிந்து பெட்டியில் காதை வைத்தான். முகம் வெளிறியது.

"ஓடலையேண்ணே!"

"ஓடுது, ஓடுது. பழைய ஃபேன் லாரி மாதிரி உறுமிச்சு. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிட்டேன், இனாமா. இனிமே பக்கத்துல படுத்திருக்கிறவங்ககூட எழுந்திருக்க மாட்டாங்க."

"பழசு எங்க?"

பதிலுக்குக் காத்திராமல் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தான். ஒயர்த் துண்டுகளுக்கு நடுவே, தூசி அப்பிக் கிடந்தது அந்த ஃபேன். இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"இதையே திரும்ப மாட்டுங்கண்ணே."

"பைத்தியமாய்யா உனக்கு? இந்த இரைச்சல்ல எப்படி ஆடுவே?"

"எனக்கு ஆடத் தெரியாதுண்ணே. ஆடினது என் பொண்டாட்டி. மாசமா இருந்தப்போ, பொழுதன்னிக்கும் இதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு." ஃபேனின் தூசியைச் சட்டையில் துடைத்தான். "பிரசவத்துல போயிட்டா."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"பாப்பா இந்தச் சத்தத்துலதான் தூங்குறா."