ஈயம் இனிக்கும்

கிளீவ்லாந்தின் ஏப்ரல் வெயில் மாடி வீட்டு ஜன்னலில் சாய்ந்து விழுகிறது. அந்த வெளிச்சத்தில் வெண்தூசி மினுமினுத்துப் பறக்கிறது. பார்க்க அழகுதான், அத்தனையும் ஈயம். நாளை நகராட்சியிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். அதனால் வீட்டுக்காரர் புரூயிட், உரிந்து தொங்கும், ஈயம் கலந்த பழைய பெயிண்டை, தூசி அடங்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்காமல் உப்புத்தாளால் வறக் வறக்கென்று தேய்க்கிறார். மேலே பூச புது வெள்ளை பெயிண்ட் டப்பா தயார். சொத்தைக் கத்தரிக்காய்க்கு எண்ணெய் தடவி விற்கிறவன் இவரைவிட யோக்கியன். தூசி தரையில் இறங்குகிறது, தொட்டிலில் இறங்குகிறது, எச்சில் காயாத ரப்பர் பொம்மையில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் ஈயம் ஏறிய இரண்டு வயது மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அங்கே வாடகைக்கு இருக்கும் ரெனீட்டா உள்ளே வராமல் வாசலிலேயே நிற்கிறாள். புரூயிட் தேய்ப்பதை விட்டு அவளிடம் வருகிறார்.

“பெயிண்ட் அது பாட்டுக்கு சுவத்துல கிடக்கு. உன் பொண்ணு ஜன்னலை நக்கினா நான் என்னம்மா பண்றது? பிள்ளைய வளக்கத் தெரியணும்.”

“ஆமா சார், அவமேலதான் தப்பு. இனிக்குதுன்னு நக்கிட்டா.”

“இனிக்குமா?”

“தெரியாதா? இத்தனை வருஷமா வாடகைக்கு விடுறீங்க. சரக்கை ருசி பாக்காமலா வித்தீங்க?”

அவர் தோளில் படிந்த தூசியை ரெனீட்டா ஒற்றை விரலால் வழித்து, மகளுக்கு எட்டாத தூரத்தில், அவர் உதட்டருகே நீட்டுகிறாள். விரலைக் கண்டதும் குழந்தை ‘ஆ’ என்று வாயைத் திறக்கிறது. புரூயிட் வாயை இறுக மூடிக்கொள்கிறார்.