ஐந்து மில்லிகிராம்

மருந்துக்கடையின் கண்ணாடி மேசைமீது பதினோரு மணி வெயில் சாய்ந்து கிடக்கிறது. மாத்திரை அட்டையை அந்த வெளிச்சத்தில் பிடித்து மருந்தாளர் மூன்றாவது முறையாகப் படிக்கிறார்: ஐந்து மில்லிகிராம். பழைய கடையில், ஒரு குழந்தைக்கு இதே மாத்திரையில் ஐந்துக்குப் பதில் ஐம்பதை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. உரிமம் பறிபோன இவர்தான் ஒன்றரை வருடம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். உரிமம் திரும்பக் கிடைத்து, மச்சினனின் கடையில் இன்று முதல் நாள். எதிரே, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். "சரியாத்தான் இருக்கு மாமா, குடுங்க" என்கிறான் மச்சினன், தாழ்ந்த குரலில். "அஞ்சுதாம்மா. காலைல பாதி மட்டும் குடுங்க" என்று நீட்டுகிறார். நீட்டிய விரல்கள் அட்டையை விடமாட்டேன் என்கின்றன. அவள் மெல்ல இழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்குகிறாள். இவர் இழுப்பறையைத் திறந்து பெட்டியை மறுபடியும் பார்க்கிறார். ஐந்துதான். படியில் செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது. அவளேதான். இவர் பெட்டியைக் கையிலெடுத்து எண்ணை இன்னொரு முறை படிக்கிறார். "குடைய வச்சுட்டுப் போயிட்டேன் சார்." மேசையோரம் சாய்ந்திருக்கும் குடையை எடுக்கிறார். கொடுப்பதற்கு முன் அதையும் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.