வரி கட்டுகிறவர்கள்

“அண்ணி, சொல்றதைக் கேளுங்க. இது இனிமே எந்திரிக்காது. அடிமாட்டு வியாபாரிக்குப் போன் போட்டுட்டேன், வண்டியோட வர்றான். உயிர் இருக்கும்போதே தள்ளிவிட்டாத்தான் நாலு காசு தேறும்.”

கொழுந்தன் கொட்டகை வாசலில் நின்று சொன்னான். பால்காரம்மா தன் பசுவின் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். மகராசி கழுத்தை மடக்கி, தலையை விலாவோரம் சாய்த்துக் கிடந்தது. கன்று போட்டு மூன்றாம் நாள். காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

வீட்டு வாடகை, அரிசி, மகளின் பிரசவச் செலவு எல்லாம் இந்த ஒரு மடியை நம்பித்தான். வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போய் ஒரு வாரமாகிறது.

“மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கேன் தம்பி. டாக்டர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்.”

“யாரு, போன மாசம் வேலைக்கு வந்துச்சே ஒரு சின்னப் பொண்ணு, அதுவா?” சிரித்தான். “மாட்டுக்கு ஊசி போட அஞ்சு வருஷப் படிப்பு. அதுவும் அரசாங்கக் காலேஜ், அரசாங்கச் செலவு. யார் காசு? ஹார்டுவேர் கடையில ஓடாத் தேயுறேனே, என் காசு. நீங்க என்ன வரியா கட்டுறீங்க? உங்களுக்கு எப்படி வலிக்கும்?”

அதுவும் நியாயம்தான் என்று பட்டது அவளுக்கு. ஏழாவதோடு நின்றவள். வரி ஆபீஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்குப் பால்காரம்மாவின் மகளை விட வயது குறைவாகத்தான் இருக்கும். நேராக வந்து சாணியிலேயே மண்டி போட்டாள். காது, மூக்கு, கண் எல்லாம் தொட்டுப் பார்த்தாள்.

“முதல் ரெண்டு நாளும் மடியை ஒட்டக் கறந்தீங்களாம்மா?”

“ஆமாம்மா. அப்படிச் சுரந்துச்சு. ஒரு சொட்டு விடலையே.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

“அதான். கன்னு போட்ட கையோட மொத்தமாக் கறந்தா, உடம்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலோட போயிரும். அப்புறம் நிக்கறதுக்குத் தெம்பு ஏது?”

பால்காரம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். தன் கையாலேயே செய்த வேலையா இது?

சுண்ணாம்புச் சத்து மருந்துப் பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றினாள் டாக்டர். ஒரு கையில் பாட்டில். இன்னொரு கையால் மகராசியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்படிச் சொட்டுச் சொட்டாப் போனா சாயங்காலமாயிரும். கொஞ்சம் வேகமா விடக் கூடாதா?” என்றான் கொழுந்தன்.

“வேகமா விட்டா நெஞ்சு நின்னுரும் சார். பேசாம இருங்க, எனக்குக் கேக்கணும்.”

அவன் வாயை மூடினான். கல்யாணமாகி வந்த நாள் முதல் பால்காரம்மா காணாத காட்சி.

வியாபாரியின் வண்டியும் வந்துவிட்டது. அவனும் கயிற்றோடு ஓரமாக நின்றான். பால்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ‘ஆண்டவனே, அந்தப் பிள்ளை கை நடுங்காம பார்த்துக்கோ.’

பாதி பாட்டில் இறங்கியிருக்கும். மகராசியின் தோல் ஓரிடத்தில் சிலிர்த்தது. பிறகு உடம்பு முழுக்க நடுக்கம். ஒரு பெரிய ஏப்பம். காய்ந்து கிடந்த மூக்கில் முத்து முத்தாக ஈரம் பூத்தது. தலை நிமிர்ந்தது. பின்னங்கால் ரெண்டையும் ஊன்றி, தள்ளாடி, முன்னங்காலை உதறிக்கொண்டு மகராசி எழுந்து நின்றே விட்டது. நின்ற இடத்தில் சாணி போட்டது. கன்றைப் பார்த்துக் குரல் கொடுத்தது.

வியாபாரி கயிற்றைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான்.

“கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும்மா எனக்கு,” என்றாள் பால்காரம்மா.

“ரெண்டு நாளைக்கு ஒட்டக் கறக்காதீங்க,” என்றாள் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே. “இந்த மாசத்துல நான் எழுப்பிவிட்டதுல இது பதினோராவது மாடு.”

கொழுந்தனின் உதடு அசைந்தது. பதினோரு மாடு, ஒரு மாட்டின் விலை, ஒரு நாள் பால், வருஷத்துக்கு எத்தனை மாசம், இந்தப் பெண்ணுக்கு இன்னும் எத்தனை வருஷ வேலை... கடைக்காரன் அல்லவா. பெருக்கிக்கொண்டே போனவன் ஒரு கட்டத்தில் திகைத்து நிறுத்திவிட்டான்.

பால்காரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். டாக்டர் அந்தக் கையைப் பிடித்து மூடினாள்.

“வேணாம்மா. நீங்க ஏற்கனவே நிறையக் கொடுத்துட்டீங்க.”

“நான் எங்கம்மா கொடுத்தேன்?”

“எங்கப்பா செருப்புத் தைக்கிறவர். காசு கட்டித்தான் படிக்கணும்னா காலேஜ் வாசல்லகூட நின்னிருக்க மாட்டேன். நீங்க சோப்பு வாங்குறீங்க, எண்ணெய் வாங்குறீங்க. எல்லாத்துலயும் வரி இருக்கு. அதுலதான் நான் படிச்சேன்.”

“போன வாரம் இந்தத் தம்பி கடையில கூரைக்குத் தகரம் வாங்கினேன்.”

“அதுலயும் உண்டு. உங்ககிட்ட வாங்கித்தான் சார் அரசாங்கத்துக்குக் கட்டுறார்.”

கொழுந்தன் கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தான்.

ஸ்கூட்டர் தெரு முனை திரும்பி மறையும் வரை பால்காரம்மா வாசலிலேயே நின்றாள்.

“கெட்டிக்காரப் பொண்ணு,” என்றான் வியாபாரி, வண்டியைக் கிளப்பிக்கொண்டே. “யாரும்மா அது, சொந்தமா?”

பால்காரம்மா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்: “நான் படிக்க வச்ச பொண்ணு.”